போனில் செயலி ஏறவில்லையா? காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"அண்ணா, அப்பிளுக்கு 99 டொலர் கட்டினாத்தான் என்ட போன்ல ஓடுமாமே?"

இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது என் மேசைக்கு வரும். கம்பஸ் பிள்ளைகளும், வேலைக்குப் போய்க்கொண்டே சொந்தமாகச் செயலி செய்து பார்க்கிறவர்களும் ஞாயிறு பின்னேரங்களில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவார்கள். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 99 டொலர் முப்பதாயிரத்துக்குக் கிட்ட வரும், அதுவும் வருடா வருடம். கூகுள் பிளேக்கு 25 டொலர், ஒரே தடவை. சொந்தப் போனில் ஓட்டிப் பார்க்க இரண்டுமே தேவையில்லை. அன்ட்ரொய்டுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. ஐஃபோனுக்கு 2015இல் எக்ஸ்கோட் 7 (செயலி எழுதும் அப்பிளின் மென்பொருள்) வந்ததிலிருந்து இலவச அப்பிள் ஐடியே போதும். என்னிடம் வந்த கோளாறுகளில் முக்கால்வாசி வயரிலும் செட்டிங்ஸிலும்தான் இருந்தன.

உங்கள் போன் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். கட்டளைகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## சார்ஜ் ஏறுகிறது, லப்டொப்புக்குப் போன் தெரியவில்லை

வயர். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் மலிவு வயர்கள் பலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. செருகியதும் அன்ட்ரொய்டின் மேற்திரையில் யூஎஸ்பி அறிவிப்பு வர வேண்டும். அதைத் தட்டி "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றி, ஒரு படத்தை லப்டொப்புக்கு இழுத்துப் பாருங்கள். அறிவிப்பே வரவில்லை என்றால் வேறு வயர். ஐஃபோன் என்றால் "இந்தக் கணினியை நம்பலாமா" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதே சந்தேகம்தான். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதையும் கழற்றிவிட்டு நேரே லப்டொப்பில் செருகுங்கள்.

போர்ட்டுக்குள் குப்பை. போன மழைக்காலத்தில் ஒரு தங்கச்சி ரெட்மியோடு வந்தார். மூன்று வயர், இரண்டு லப்டொப் மாற்றியாயிற்றாம். வயரைச் செருகிப் பார்த்தேன். உள்ளே போய் உட்காரும்போது வர வேண்டிய அந்த "டக்" வரவில்லை, பிளக்கின் உலோகம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெல்லச் சுரண்ட, விளக்குத் திரி மாதிரி இறுகிய பஞ்சு ஒன்று வந்தது. கைப்பையில் கிடந்து கிடந்து சேர்ந்தது. எடுத்ததும் வயர் டக்கென்று உட்கார்ந்தது, லப்டொப்பும் போனைக் கண்டுபிடித்தது. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், உள்ளேயுள்ள முனைகள் கீறிப்போகும்.

டெவலப்பர் ஒப்ஷன்ஸ். படம் போகிறது, செயலி எழுதும் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் மட்டும் போன் இல்லை என்றால் இதுதான். இந்த மறைந்த மெனு தோன்ற, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்ட வேண்டும். சாம்சுங்கில் அது "சொஃப்ட்வெயர் இன்ஃபர்மேஷன்" என்பதற்குள் இருக்கும். ஷாவ்மியில் பில்ட் நம்பரைத் தேடாதீர்கள், மியூஐ வெர்ஷன் அல்லது ஓஎஸ் வெர்ஷன் என்ற வரியை ஏழு தடவை தட்டுங்கள். பிறகு அந்த மெனுவில் யூஎஸ்பி டிபக்கிங்கைத் திறக்க வேண்டும். புதிய சாம்சுங்கில் அந்தச் சுவிட்ச் சாம்பல் நிறமாக, தொட முடியாமல் இருந்தால் "ஓட்டோ புளொக்கர்" வேலை செய்கிறது. பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள். சோதித்து முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவது நல்லது.

லப்டொப் பக்கம். விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் போனுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், போன் கம்பனியின் யூஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். உபுண்டுவில் "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தால், அன்ட்ரொய்ட் எஸ்டிகே பிளட்ஃபோர்ம் டூல்ஸ் கொமன் என்ற பொதியை ஏப்டி மூலம் நிறுவி, வயரைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, போர்ட்டே பழுது. அதே வயர், அதே லப்டொப், வேறு போன் என்றால் வேலை செய்கிறது, உங்கள் போன் மட்டும் அசைத்துப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால் முடிவு அதுதான். கடற்கரைப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு உப்புக் காற்றில் உள்ளே களிம்பேறும். டோர்ச் அடித்துப் பாருங்கள், பச்சை தெரிந்தால் நீங்கள் சுரண்ட வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவசரமென்றால் ஒரு சுற்றுவழி உண்டு. அன்ட்ரொய்ட் 11இலிருந்து வயர்லெஸ் டிபக்கிங் இருக்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் கியூஆர் ஸ்கான் செய்தோ இலக்கம் கொடுத்தோ இணைக்கலாம். போர்ட் செத்த போனில் ஒரு முழு இறுதியாண்டு புரொஜெக்டையே இப்படி முடித்த தம்பி ஒருவர் இருக்கிறார். சார்ஜுக்கு வயர்லெஸ் சார்ஜர்.

## பட்டியலில் போன் வருகிறது, பக்கத்தில் "அன்ஓதரைஸ்ட்" அல்லது "ஒஃப்லைன்"

லப்டொப்பிலிருந்து போனோடு பேசும் ஏடிபி கருவியில் ஏடிபி டிவைசஸ் கொடுத்ததும் இப்படி வந்தால் வயர் நல்லது, அதை விட்டுவிடுங்கள்.

அன்ஓதரைஸ்ட் என்றால் போன் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது. திரையைத் திறந்து பாருங்கள். ஒஃபிஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய போன் சிங்களத்தில் இருந்து, அவசரத்தில் வேண்டாம் என்பதை அமத்திவிட்டு அரை நாள் தேடியவர்கள் உண்டு. "இட தென்ன" என்பதுதான் அனுமதி கொடுக்கும் பொத்தான். மேலே உள்ள "எப்போதும் அனுமதி" கட்டத்தையும் தட்டுங்கள்.

கேள்வியே வராவிட்டால் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் "ரிவோக் யூஎஸ்பி டிபக்கிங் ஒதரைசேஷன்ஸ்" கொடுத்து, வயரைக் கழற்றிச் செருகுங்கள். ஒஃப்லைன் என்றால் ஏடிபி கில் சேர்வர், அப்புறம் ஏடிபி ஸ்டார்ட் சேர்வர். அதற்கும் அசையாவிட்டால் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## அன்ட்ரொய்ட்: பில்ட் முடிகிறது, போனில் ஏற மறுக்கிறது

எரர் வரியின் கடைசிச் சொற்களைப் படியுங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும், ஆனால் யாரும் படிப்பதில்லை.

"யூசர் ரெஸ்ட்ரிக்டட்" என்று முடிந்தால்: பெரும்பாலும் ஷாவ்மி, ரெட்மி, போக்கோ. யூஎஸ்பி டிபக்கிங்குக்குக் கீழே "இன்ஸ்டோல் வயா யூஎஸ்பி" என்று தனிச் சுவிட்ச் இருக்கிறது. அதைத் திறக்க மி கணக்கு வேண்டும், போனுக்குள் சிம்மும் வேண்டும். சோதிப்பதற்கென்று வைத்திருக்கும் பழைய போனில் சிம் இருக்காது, அதனால்தான் அந்தச் சுவிட்ச் திரும்பத் திரும்பத் தானாக அணையும். உங்கள் சிம்மைக் கொஞ்ச நேரம் மாற்றிப் போட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். சுவிட்ச் திறந்த பிறகும், ஒவ்வொரு தடவையும் திரையில் சில விநாடிகளுக்கு ஒரு கேள்வி வரும். போனைக் குப்புற வைத்திருந்தால் அது தானாகவே "வேண்டாம்" என்று முடிந்துவிடும்.

"அப்டேட் இன்கொம்பட்டிபிள்": அதே பெயரில், வேறு லப்டொப்பில் கையொப்பமிட்ட பழைய பிரதி போனில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் புரொஜெக்ட் எல்லாவற்றிலும் இது வரும். பழையதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். நீக்கிய பிறகும் அதே எரர் என்றால் செக்யூர் ஃபோல்டரிலோ இரண்டாவது யூசரிலோ இன்னொரு பிரதி ஒளிந்திருக்கும்.

"வெர்ஷன் டவுன்கிரேட்": போனில் இருப்பது புதியது, நீங்கள் ஏற்றுவது பழையது. இதற்கும் நீக்குவதுதான் வழி.

"இன்சஃபிஷியன்ட் ஸ்டோரேஜ்": வாட்ஸ்அப் வீடியோக்களை அழியுங்கள். வேறென்ன சொல்ல!

"நோ மச்சிங் ஏபிஐஸ்": லப்டொப்பிலேயே போன் மாதிரி ஓடும் எமியூலேட்டருக்கென்று, எக்ஸ்86 சிப் வகைக்கு மட்டும் பில்ட் செய்திருக்கிறீர்கள். போன்களின் சிப் ஏஆர்எம் வகை. பில்ட் செட்டிங்கில் அதையும் சேருங்கள்.

உங்கள் போனில் ஓடுகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நண்பருக்கு ஏறவில்லை. அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவின் ரன் பொத்தானில் பிறந்த ஏபிகேயை (செயலியை நிறுவும் கோப்பு) எடுத்து அனுப்பியிருப்பீர்கள். அதில் "சோதனைக்கு மட்டும்" என்ற முத்திரை இருக்கும், தட்டி நிறுவ முடியாது. மெனுவில் பில்ட் ஏபிகே கொடுத்து வருவதை அனுப்புங்கள். அதற்கும் மறுத்தால் நண்பரின் போனில் அந்த மூலத்திலிருந்து நிறுவ அனுமதி இருக்கிறதா, பிளே புரொடெக்ட் தடுத்ததா என்று கேளுங்கள். இதில் எந்தக் கட்டத்திலும் 25 டொலருக்கு வேலை இல்லை.

## ஐஃபோன்: எக்ஸ்கோட்டிலேயே சிவப்பு, போன் வரை போகவில்லை

டீம் தேர்வு. சைனிங் பகுதியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "பெர்சனல் டீம்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லையென்றால் எக்ஸ்கோட் செட்டிங்ஸில் அப்பிள் ஐடியைச் சேர்க்கவில்லை.

பண்டில் ஐடி, அதாவது செயலியின் தனி அடையாளப் பெயர். "பதிய முடியவில்லை" என்று வந்தால் அந்தப் பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். வகுப்பில் கொடுத்த மாதிரிக் கோப்பை எல்லோரும் அப்படியே திறந்தால் முதலாமவருக்கு மட்டும்தான் ஓடும். நடுவில் உங்கள் பெயரைப் போட்டு மாற்றுங்கள். ஆனால் சும்மா சும்மா மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். இலவசக் கணக்கில் 7 நாளுக்கு 10 ஐடிதான். பத்தைத் தாண்டினால் பழையவை காலாவதியாகும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

டெவலப்பர் மோட். ஐஓஎஸ் 16இலிருந்து இது வேண்டும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டியின் அடியில் இருக்கும். "என்ட போன்ல அப்படி ஒண்டும் இல்லையே" என்பார்கள். ஒரு தடவை எக்ஸ்கோட்டோடு இணைத்த பிறகுதான் அந்த வரியே தோன்றும். திறந்ததும் போன் ரீஸ்டார்ட் ஆகும், எழும்பியதும் இன்னொரு தடவை உறுதி கேட்கும். அந்த இரண்டாவது கேள்வியைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

தேவையில்லாத கேபபிலிட்டி. புஷ் நோட்டிஃபிகேஷன் (சேர்வரிலிருந்து வரும் அறிவிப்பு), ஐகிளவுட், அப்பிள் பே, சைன் இன் வித் அப்பிள் போன்றவை பெர்சனல் டீமுக்குக் கிடையாது. இணையத்தில் எடுத்த கோப்பில் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலே சிவப்புதான். சோதனைக்குத் தேவையில்லையென்றால் அந்த வரியைக் கழற்றிவிடுங்கள்.

எக்ஸ்கோட் பழையது, போன் புதியது. இதுதான் செலவு பிடிக்கும் காரணம். புதிய ஐஓஎஸ்ஸுக்குப் புதிய எக்ஸ்கோட், அதற்குப் புதிய மக்ஓஎஸ், அதற்குப் பழைய மக்புக் இடம் கொடுக்காது. எனவே சோதிக்கும் ஐஃபோனைக் கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்யாதீர்கள். செய்துவிட்டீர்கள் என்றால் நண்பரின் புதிய மக்புக்கை ஒரு பின்னேரத்துக்குக் கேளுங்கள். 99 டொலர் கட்டினாலும் இந்தச் சிவப்பு போகாது. என்னிடம் வந்த ஒருவர் கட்டிவிட்டுத்தான் வந்தார்.

## ஐஃபோன்: ஐகன் வந்துவிட்டது, தட்டினால் திறக்கவில்லை

எப்போது திறக்கவில்லை என்பதைப் பொறுத்துப் பிரித்துப் பாருங்கள்.

முதல் தடவையிலேயே, "அன்ட்ரஸ்டட் டெவலப்பர்" என்று சொல்கிறது. செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மனேஜ்மென்ட். உங்கள் அப்பிள் ஐடியைத் தட்டி நம்புவதாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனில் இணையம் இருக்க வேண்டும், அப்பிளிடம் கேட்டு உறுதி செய்யும். டேட்டா முடிந்த போனை வைத்துக்கொண்டு என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள், 100 ரூபா ரீலோடில் தீர்ந்தது.

மூன்று செயலி ஏறிவிட்டது, நாலாவது ஏறவில்லை. இலவசக் கணக்கில் ஒரு போனுக்கு மூன்றுதான். ஒன்றை நீக்குங்கள்.

வயரோடு ஓடுகிறது, கழற்றிவிட்டுத் தட்டினால் மூடிக்கொள்கிறது. ஃபிளட்டர் என்ற செயலிக் கருவியில் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் விழுவார்கள். சான்றிதழ் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐஓஎஸ் 14இலிருந்து ஃபிளட்டரின் டிபக் பில்டை (சோதனைப் பிரதி) ஹோம் திரையிலிருந்து திறக்க முடியாது. ரிலீஸ் மோடில் ஏற்றுங்கள், பெர்சனல் டீமிலேயே ஏறும். ரியக்ட் நேட்டிவிலும் கிட்டத்தட்ட இதே கதை. டிபக் பில்ட் லப்டொப்பில் ஓடும் மெட்ரோ என்ற சேர்வரைத் தேடும். லப்டொப் வீட்டில், போன் பஸ்ஸில் என்றால் என்ன செய்யும்?

ஒரு கிழமை நன்றாக ஓடி, இன்று திறக்கவில்லை. ஏழு நாள் முடிந்துவிட்டது. இலவசக் கணக்கின் சான்று அவ்வளவுதான் தாங்கும். நீக்காமல், அதே பண்டில் ஐடியோடு எக்ஸ்கோட்டிலிருந்து மேலாக ஏற்றினால் உள்ளே சேமித்தவை அப்படியே இருக்கும். நீக்கினால் எல்லாம் போய்விடும். திங்கட்கிழமை வைவா என்றால் ஞாயிறு இரவு ஒரு தடவை ஏற்றிவிட்டுப் படுங்கள்.

## செயலி திறக்கிறது, சேர்வரோடு பேசவில்லை

லப்டொப்பில் ஓடும் உங்கள் சேர்வரோடு எமியூலேட்டரில் எல்லாம் சரி, போனில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஒரே ஒரு சோதனையில் பாதையைப் பிரித்துவிடலாம். போனின் பிரவுசரைத் திறந்து, லப்டொப்பின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் தட்டுங்கள்.

பிரவுசரிலும் வரவில்லை. கோளாறு செயலிக்கு வெளியே இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

சேர்வர் 127.0.0.1இல் (லப்டொப் தனக்குள்ளேயே பேசும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போனால் தொட முடியாது. 0.0.0.0 என்று கொடுத்துத் திரும்ப ஓட்டுங்கள். அடுத்து விண்டோஸ் ஃபயர்வோல். வைஃபை "பப்ளிக்" என்று பதிவாகியிருந்தால் "பிரைவட்" ஆக மாற்றுங்கள். அப்புறம் வைஃபையே. கோப்பிக் கடை, ஒஃபிஸ் விருந்தினர் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க விடமாட்டார்கள். அங்கே மணிக்கணக்காகப் போராட வேண்டாம். போனிலேயே ஹொட்ஸ்பொட் போட்டு லப்டொப்பை அதில் இணையுங்கள். ஐஃபோன் ஹொட்ஸ்பொட் என்றால் லப்டொப்பின் ஐபி 172.20.10 என்று தொடங்கும், அதைச் செயலியில் மாற்ற மறக்க வேண்டாம். வீட்டில் கரண்ட் போய் வந்தால் ரூட்டர் புது ஐபி கொடுக்கக்கூடும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

அன்ட்ரொய்டுக்கு இதையெல்லாம் தாண்டி ஒரு குறுக்குவழி உண்டு. வயர் செருகியபடி ஏடிபி ரிவேர்ஸ் டிசிபி 8000 டிசிபி 8000 கொடுத்தால் போனின் லோக்கல்ஹோஸ்ட் லப்டொப்பின் லோக்கல்ஹோஸ்ட் ஆகிவிடும். வைஃபையே வேண்டாம். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். வயரைக் கழற்றினால் திரும்பக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

பிரவுசரில் வருகிறது, செயலியில் மட்டும் இல்லை. குறியீட்டில் 10.0.2.2 இருக்கிறதா என்று தேடுங்கள். அது எமியூலேட்டருக்கு மட்டும் புரியும் முகவரி. அது இல்லையென்றால் எச்டிடிபி தடை. அன்ட்ரொய்ட் 9இலிருந்து எஸ் இல்லாத வெறும் எச்டிடிபியைச் செயலிகளுக்கு இயல்பாக விடாது, ஐஓஎஸ்ஸும் அப்படித்தான். டிபக் பில்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஐஃபோனில் இன்னொன்று: "லோக்கல் நெட்வேர்க்" அனுமதியை முதல் தடவை மறுத்திருந்தால் அது திரும்பக் கேட்காது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் போய் நீங்களே திறக்க வேண்டும்.

## ஐஃபோனில் புஷ் நோட்டிஃபிகேஷன் வரவே இல்லை

இலவசக் கணக்கில் வராது. இங்கேதான் உண்மையாகவே காசு. செயலி தானே நேரம் பார்த்துக் காட்டும் லோக்கல் நோட்டிஃபிகேஷன் வேலை செய்யும், பல பேருக்கு அதுவே போதும். தோற்றத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஏபிஎன்எஸ் கோப்பு ஒன்றை எக்ஸ்கோட்டின் சிமியூலேட்டர் மேல் இழுத்துப் போடலாம். அன்ட்ரொய்டில் கூகுளின் ஃபயர்பேஸ் வழியாக இலவசமாகவே சோதிக்கலாம், அந்தப் பக்கத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

## ஐஃபோன் இருக்கிறது, மக்புக் இல்லை

எக்ஸ்போவில் (ரியக்ட் நேட்டிவுக்கான கருவி) எழுதுகிறவர்களுக்கு எக்ஸ்போ கோ செயலி போதும். விண்டோஸிலிருந்தே கியூஆர் ஸ்கான் செய்து ஓட்டலாம். "பொருந்தவில்லை" என்று வந்தால் உங்கள் புரொஜெக்டின் எஸ்டிகே பதிப்பு பழையது, அப் ஸ்டோரில் உள்ள எக்ஸ்போ கோ புதிய எஸ்டிகேயை மட்டும்தான் ஏற்கும். வைஃபை இரண்டையும் பிரிக்கிறது என்றால் இணையம் வழியாகச் சுற்றிப்போகும் டனல் மோடில் ஓட்டுங்கள், மெதுவாக இருந்தாலும் ஓடும். ஃபிளட்டர் என்றால் எங்கேயாவது ஒரு மக்கில் பில்ட் ஆகித்தான் தீர வேண்டும்.

எதிர்ப்பக்கம், அன்ட்ரொய்ட் போன் ஒன்றுதான் இருக்கிறது, பல மாடல்களில் பார்க்க வேண்டும் என்றால் ஃபயர்பேஸ் டெஸ்ட் லப்பின் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 5 சோதனை உண்மையான போன்களில் ஓட்டலாம். கையால் தொட முடியாது, வீடியோவும் ஓடிய பதிவும் (லொக்) வரும்.

## எப்போது காசு, எப்போது ஆள்

அப்பிளுக்குக் கட்டுங்கள்: புஷ் வேண்டும், அல்லது அப்பிளின் சோதனை வழியான டெஸ்ட்ஃபிளைட்டில் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும், அல்லது வாடிக்கையாளர் ஒருவர் ஏழு நாளுக்கு மேல் தன் போனில் வைத்திருக்கப் போகிறார். கூகுளுக்குக் கட்டுங்கள்: பிளே ஸ்டோரில் போடப்போகிறீர்கள். அதற்கும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும், அதன் பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ஆள் பிடிப்பதே அந்த நேரத்தில் பெரிய வேலையாகிவிடும்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது போர்ட் ஆடினால், பச்சை பூத்திருந்தால், பற்றரி வீங்கித் திரை மேலெழும்பியிருந்தால். கடைசி ஒன்றுக்கு சார்ஜிலும் போடாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள், வருடக்கணக்காக வயரில் கிடக்கும் சோதனைப் போன்களில் அது அடிக்கடி நடக்கும். போனைக் கையில் கொடுப்பதற்கு முன் டெவலப்பர் ஒப்ஷன்ஸுக்குப் போய் பழைய அனுமதிகளை ரிவோக் செய்து, யூஎஸ்பி டிபக்கிங்கை அணைத்துவிடுங்கள். உங்கள் சிம்மை மாற்றிப் போட்டிருந்தால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள்.